பதிவேட்டில் ஒரு காயம்

உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில், எங்கள் சிவகாசிக்காரர்களுக்குப் புரியும் குறியீடு ஒன்று உண்டு. பட்டாசு வெடித்துக் காயம்பட்டால் டபிள்யூ 39. பெண்ணின் பிறப்புறுப்பில் துளைக்காயம் என்றால் எஸ் 31.4. இரண்டுமே நடந்ததை மட்டும் சொல்கின்றன. அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்பதில்லை.

கேட்டவர்கள் மருத்துவர்கள். வல்லுறவுக்கு ஆளானவளிடம் 'இருவிரல் சோதனை' நடத்தி, 'உடலுறவுக்குப் பழகியவள்' என்று சான்றிதழில் எழுதினார்கள். மதுரா வழக்கில் அவள் உடலில் காயமில்லை என்பதைச் சுட்டி, 1978இல் காவலர்களை விடுவித்தது உச்ச நீதிமன்றம். அதே நீதிமன்றம் 2013இல், இச்சோதனை அந்தரங்க உரிமையை மீறுகிறது என்றது. வழக்கம் ஓயவில்லை. 2022 ஏப்ரலில், விருதுநகருக்கும் உரிய மதுரைக் கிளை அதைத் தடைசெய்ய அரசுக்கு உத்தரவிட்டது.

காயம் இருந்தால் எழுதுங்கள், டாக்டர். அவளுடைய கடந்தகாலத்துக்குக் குறியீடு இல்லை.