மா ஒட்டிலிருந்து மனிதப் பிரதி வரை

குளோனிங் என்றதும் ஏதோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். மற்ற ஊர்க்காரர்கள் அப்படி நினைக்கலாம், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் நினைக்கக் கூடாது. போச்சம்பள்ளி பக்கத்துச் சந்தூர் எதற்குப் பேர் போனது? ஒட்டு மாங்கன்றுக்கு. கொட்டை போட்டு முளைத்த செடியின் தலையை வெட்டி, நன்றாகக் காய்க்கும் பெங்களூரா மரத்தின் குச்சியை அதன் மேல் வைத்துக் கட்டுகிறார்கள். அந்தக் கன்று வளர்ந்து காய்த்தால், குச்சி கொடுத்த மரத்தின் காயேதான். அசல் அதே மரம், வேறு வேரில் நிற்கிறது.

‘குளோன்’ என்ற சொல்லே குச்சி, தளிர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1903இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவர அறிஞர் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆக, சொல் பிறந்தது தோட்டத்தில். செடியில் செய்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. அதையே ஒரு செம்மறி ஆட்டில் செய்தபோது உலகமே பதறிப்போனது. ஏன் அப்படி என்று எனக்குத் தெரிந்த வரையில் எழுதிப் பார்க்கிறேன்.

நான் விஞ்ஞானி அல்ல. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரெஞ்சில் படிக்கும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. வேப்பனப்பள்ளியில் மாடு வைத்திருப்பவர்களோடு நாற்பது வருடப் பழக்கம் உண்டு. இந்த இரண்டும்தான் என் தகுதி.

விலங்கில் இந்த முயற்சி தவளையில் தொடங்கியது. 1952இல் அமெரிக்காவில் பிரிக்ஸ், கிங் என்ற இருவர், தவளை முட்டையின் உட்கருவை எடுத்துவிட்டு, ஒரு தவளைக் கருவின் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை அதில் வைத்தார்கள். தலைப்பிரட்டை வந்தது. பத்து வருடத்துக்குள் இங்கிலாந்தில் ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்தே தவளையை உண்டாக்கிக் காட்டினார். வளர்ந்து ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்ட செல்லுக்குள்ளும் முழு உயிருக்கான குறிப்பு அப்படியே இருக்கிறது என்பது அதில் தெரிந்தது.

இந்தச் சொல்லை மனிதனோடு சேர்த்துப் பேசியதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற பெரிய உயிரியல் அறிஞர் 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார். 1962இல் லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில் அவர், திறமைசாலிகளை ஒருநாள் குளோன் செய்யலாம் என்று பேசினார். ஐம்பது வயதாவது ஆனவர்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்போதுதான் ஆளின் மதிப்பு தெரியும் என்பது அவர் யோசனை. விளையாட்டு வீரர்கள், நடனக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. நமக்கெல்லாம் ஐம்பது தாண்டி வெகு நாளாயிற்று, நம்மை யாரும் கேட்டு வரவில்லை!

அப்போது அது வெறும் பேச்சு. பேச்சு நிஜமானது 1996 ஜூலை 5 அன்று. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிலையத்தில் இயன் வில்மட், கீத் கேம்பல் குழுவினர், ஆறு வயதுச் செம்மறி ஆட்டின் மடிச் செல்லிலிருந்து டாலி என்ற குட்டியை உண்டாக்கினார்கள். செய்தி வெளியானது 1997 பிப்ரவரியில். பத்திரிகைகளில் டாலியின் படம்தான் பெரிதாக வந்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது கணக்கு. 277 முட்டைகளில் உட்கரு சேர்த்தார்கள். அதில் 29 கருக்கள்தான் தேறின. அவற்றை 13 ஆடுகளுக்கு வைத்தார்கள். பிறந்தது ஒரே குட்டி. அந்த டாலியும் நுரையீரல் நோய் வந்து 2003இல் கருணைக் கொலை செய்யப்பட்டது. அந்த நோய் வைரஸால் வந்தது, குளோனிங்கால் அல்ல. டாலி எடுக்கப்பட்ட அதே செல் வரிசையிலிருந்து பின்னால் வந்த நான்கு ஆடுகள் நல்லபடியாக மூப்படைந்தன என்று 2016இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் சொன்னதையும் நியாயமாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பிரான்ஸில் உடனே விவாதம் கிளம்பியது. அங்கே 1983 முதலே தேசிய நெறிமுறை ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. ஜனாதிபதி சிராக் அதனிடம் கருத்துக் கேட்டார். 1997 ஏப்ரலில் அது பதில் தந்தது. அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு பிள்ளை எப்படிப் பிறக்கும் என்பது யார் கையிலும் இல்லாமல் இருக்கிறதே, அதுதான் அந்தப் பிள்ளையின் சுதந்திரத்துக்குக் காவல். ‘நீ இன்னாராக வேண்டும்’ என்று இன்னொருவர் முன்கூட்டியே எழுதி வைத்த உடம்போடு ஒருவரைப் பிறக்க வைப்பது, அவரை ஒரு சாமானாக்குவது. இந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. கடவுளை இழுக்காமலே, எந்த மதத்துக்காரரும் ஒப்புக்கொள்ளும்படி இருந்தது.

அதே வருடம் நவம்பரில் யுனெஸ்கோவும் மனிதரைப் பிரதி எடுப்பது மனித மாண்புக்கு விரோதம் என்றது. 2004இல் பிரான்ஸ் சட்டமே கொண்டுவந்துவிட்டது. முப்பது வருடச் சிறை, எழுபத்தைந்து லட்சம் யூரோ அபராதம். குற்றத்துக்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள்: ‘மனித இனத்துக்கு எதிரான குற்றம்’. இதில் மனித உயிரினம் முழுவதுமே புகார்தாரர். கோப்பு எழுதியே காலம் கழித்தவன் என்பதால் இப்படிப்பட்ட வார்த்தைகள் என் கண்ணில் படும்.

இதற்கு நடுவில் இரண்டு கூத்து. 2002 டிசம்பரில் குளோனெய்ட் என்ற நிறுவனத்தின் பிரிஜித் புவாசெலியே என்ற பிரெஞ்சுப் பெண்மணி, முதல் மனிதப் பிரதி பிறந்துவிட்டது, பெயர் ஈவ் என்று அறிவித்தார். குழந்தையையும் காட்டவில்லை, சோதனைக்கும் தரவில்லை. அடுத்து தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவைக் குளோன் செய்து அதிலிருந்து ஸ்டெம் செல் எடுத்ததாக 2004இலும் 2005இலும் கட்டுரை எழுதி தேசிய வீரரானார். 2006 ஜனவரியில் அவருடைய பல்கலைக்கழகமே அது ஜோடித்த கதை என்று அறிவித்தது. ஆராய்ச்சிக்காக அவருடைய கூடத்தில் வேலை பார்த்த பெண்களே சினைமுட்டை கொடுத்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. மேலதிகாரிக்கு ‘மாட்டேன்’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அலுவலகத்தில் குப்பை கொட்டிய எல்லோருக்கும் தெரியும்.

ஐக்கிய நாடுகள் சபையில் 2005 மார்ச் 8 அன்று ஓட்டெடுப்பு. எல்லா வகை மனிதக் குளோனிங்கையும் தடை செய்யச் சொல்லும் பிரகடனத்துக்கு 84 நாடுகள் ஆதரவு, 34 எதிர்ப்பு, 37 நடுநிலை. இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது. ‘மனிதனைப் பிரதி எடுக்க இந்தியா சம்மதமா?’ என்று அப்போது டீக்கடையில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. விஷயம் அதுவல்ல. குழந்தை உண்டாக்கும் குளோனிங் கூடாது என்பதில் இந்தியாவுக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள் அதைத் தடுத்தே வைத்திருக்கின்றன. நோய் தீர்க்கும் ஆராய்ச்சியையும் சேர்த்து மூடிவிடக் கூடாது என்பதுதான் நம் நாட்டின் நிலை. பிரிட்டனும் சீனாவும் அப்படியே எதிர்த்தன. அடுத்த வருடமே ஜப்பானின் யாமனாகா, சாதாரணச் செல்லையே பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் போலாக்கும் வழியை எலியில் கண்டுபிடித்தார். முட்டையும் வேண்டாம், கருவும் வேண்டாம். சண்டையில் பாதி அதோடு ஓய்ந்தது. 2012இல் அவருக்கும், தவளை ஆராய்ச்சி செய்த கர்டனுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இனி நம் மாடுகளுக்கு வருவோம். ஹரியானாவில் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரியில் குளோன் எருமைக் கன்று பிறந்தது. சில நாளில் செத்துவிட்டது. ஜூனில் பிறந்த கரிமா இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. 2010இல் பிறந்த இரண்டாவது கரிமா வளர்ந்து, 2013இல் மஹிமா என்ற கன்றை ஈன்றது. விலை உயர்ந்த கருவிகளை நம்பாமல், நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே கையால் முட்டையின் உட்கருப் பகுதியை வெட்டி எடுக்கும் முறை அவர்களுடையது. அந்த முட்டைகள் வந்தது இறைச்சிக்கூடத்தில் வெட்டிய எருமைகளிடமிருந்து. 2012இல் காஷ்மீரில் நூரி என்ற பஷ்மினா ஆடு பிறந்தது. 2023 மார்ச் 16 அன்று கர்னாலிலேயே கங்கா என்ற கிர் பசுங்கன்று. அதற்குச் செல் எடுத்தது ஒரு பசுவின் வாலிலிருந்து. முட்டையை உயிருள்ள மாடுகளிடமிருந்து ஊசி வழியாக எடுத்தார்கள்.

கங்கா செய்தி வந்த சமயம், எங்கள் பக்கத்தில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். எருது விடும் விழாக்களில் ஓடிப் பரிசு வாங்கிய காளை அவருடையது. வயதாகி, நடக்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தது.

“சார், வால்ல இருந்து துளி சதை எடுத்து கன்னுக்குட்டியே பண்ணிட்டாங்களாமே. நம்ம காளைக்கும் பண்ணுவாங்களா? எவ்வளவு ஆனாலும் பரவால்ல.”

நான் அறிந்ததைச் சொன்னேன். அது ஆராய்ச்சி நிலையத்துக் காரியம், நம் போன்றவர்களுக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் பிறப்பது உங்கள் காளை அல்ல, இருபது வருடம் தள்ளிப் பிறந்த அதன் இரட்டைத் தம்பி. அமெரிக்காவில் ஒரு பூனையைக் குளோன் செய்தார்கள், உடம்பின் நிறம்கூடத் தாய்ப்பூனை மாதிரி வரவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, “அப்ப அதுக்கு என்னை அடையாளம் தெரியாதா சார்?” என்றார்.

தெரியாது என்றேன். “அப்ப வேணாம் சார்” என்று எழுந்து போய்விட்டார். காளை மறுவருடம் தையில் இறந்தது. மாலை போட்டு, அவர் கொல்லையிலேயே புதைத்தார்.

நெறிமுறைக் குழுக்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். நாம் திரும்பக் கேட்பது உடம்பை அல்ல, நம்மோடு வாழ்ந்த ஒன்றை. அது செல்லில் இல்லை. மாட்டுக்கே இப்படியென்றால், இறந்த பிள்ளையைத் திரும்பக் கேட்கும் தாய் தகப்பனுக்கு என்ன பதில்? அப்படிப் பிறக்கும் பிள்ளை, போன பிள்ளையின் சட்டையைப் போட்டுக்கொண்டே ஆயுள் முழுதும் நிற்க வேண்டும். டாலி கணக்குப்படி அந்த ஒரு பிள்ளைக்கு முன்னால் எத்தனை கலையும், எத்தனை குறையோடு பிறந்து சாகும்? சீனாவில் குரங்கையே குளோன் செய்துவிட்டதாக 2018இல் அறிவித்துவிட்டார்கள். இனி ‘முடியாது’ என்பது காவல் நிற்காது, ‘கூடாது’ என்பதுதான் நிற்க வேண்டும்.

‘சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதுமே’ என்பவர்களுக்கு நம் ஊர்க் கதையையே சொல்வேன். ஸ்கேன் நல்லதுக்கு வந்தது. பெண் சிசுவைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. பிறகு அது நம் தர்மபுரிக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட மண்ணில் ஸ்கேன் வந்ததும் என்ன ஆயிற்று? தொட்டில் வரை வராமலே கருவில் முடிந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் வருடச் சட்டம் 1996 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. டாலி பிறந்ததும் அதே வருடம்தான். சட்டம் வந்த பிறகும் சட்டவிரோத ஸ்கேன் செய்தவர்கள் பிடிபட்ட செய்தியை நாம் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். எப்படிப்பட்ட பிள்ளை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியை நம் கையில் கொடுத்தால் முதலில் யார் பிறக்காமல் போவார்கள் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மாட்டு விஷயத்தில் எனக்கு அவ்வளவு கடுமை இல்லை. சினை ஊசி வந்த புதிதில், காளை இல்லாமல் கன்றா என்று முகம் சுளித்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்று ஊசி இல்லாத பால்மாடு ஏது? ஆனால் அதிலேயே ஒரு பாடமும் இருக்கிறது. எல்லோரும் ஜெர்சிக்கும் கலப்புக்கும் போனதில், நம் பக்கத்து ஆலம்பாடி மாடு அருகிப்போய், இன்று அதைக் காப்பாற்றத் தர்மபுரியில் ஆராய்ச்சி மையம் வைக்க வேண்டியதாயிற்று. ஒரே மாட்டை நூறாக்கினால், அந்த ஒன்றைக் கொல்லும் நோய் நூறையும் கொல்லும். அழியும் இனத்தில் எஞ்சிய சிலவற்றின் செல்லை உறைய வைத்துப் பாதுகாப்பது நல்ல காரியம். ஆனால் அது கடைசிக் கதவு. முதல் கதவு, ஆலம்பாடி வளர்ப்பவனுக்கு மேய்ச்சல் நிலமும் கட்டுப்படியாகும் விலையும் கிடைக்கச் செய்வது. அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.