அவையில் மூத்தவர் யார்?

கிளமெண்டியில் ரயில் ஏறி, கிழக்கு–மேற்குத் தடத்தில் நகர மண்டப நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் நாடாளுமன்றக் கட்டடத்தை அடைந்துவிடலாம். பள்ளிச் சுற்றுலாவாக அங்குச் செல்லும் மாணவர்கள் பார்வையாளர் மாடத்திலிருந்து அவையை நோக்கும்போது இயல்பாக எழும் வினா ஒன்றுண்டு: 'இவர்களுள் மூத்தவர் யார்?' எளிய வினாவாகத் தோன்றும் இதற்கு உலக நாடாளுமன்றங்கள் தந்துள்ள விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அம்முரண்பாட்டின் வரலாற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

'மூப்பு' என்னும் நம் சொல்லிலேயே குழப்பம் தொடங்குகிறது. வயதால் மூத்தவரும் மூத்தவர்; பணியால் மூத்தவரும் மூத்தவர்; பதவியால் உயர்ந்தவரையும் அவ்வாறே அழைக்கிறோம். பணிமூப்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், மொத்த ஆண்டுகளைக் கணக்கிடுவதா, இடையறாத ஆண்டுகளை மட்டும் கணக்கிடுவதா என்ற வினா எஞ்சி நிற்கிறது.

பிரிட்டிஷ் மக்களவை இடையறாத பணியையே அளவுகோலாகக் கொண்டது. அவ்வகையில் மிக நீண்டகாலம் பணியாற்றும் உறுப்பினர் 'அவையின் தந்தை' எனப்படுவார். வின்ஸ்டன் சர்ச்சில் 1900ஆம் ஆண்டிலேயே அவைக்குள் நுழைந்தவர். ஆயினும் 1922இல் தோற்று 1924இல் மீண்டமையால், அவருடைய கணக்கு 1924இலிருந்தே தொடங்கியது. 1959இல்தான் அச்சிறப்பு அவரைச் சேர்ந்தது. ஒரே தேர்தலில் வென்ற இருவர் சமநிலையில் இருப்பின், முதலில் உறுதிமொழி எடுத்தவரே மூத்தவர். 1983இல் முதன்முறை வென்ற எட்வர்ட் லீ, ஜெரமி கோர்பின் ஆகிய இருவருள் 2024இல் எட்வர்ட் லீ அவையின் தந்தையானது இவ்விதியின்படியே. நாற்பதாண்டுப் பணியின் தரவரிசை, முதல் நாளில் யார் முன்னே நின்றார் என்பதால் முடிவாயிற்று.

இந்தியாவில் இவ்வினா வெறும் மரியாதைப் பட்டத்தோடு நிற்பதில்லை. தேர்தலுக்குப்பின் புதிய மக்களவை கூடும்போது, உறுப்பினர்களுக்கு உறுதிமொழி செய்துவைக்கவும் அவைத் தலைவர் தேர்தலை நடத்தவும் தற்காலிகத் தலைவர் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மூத்த உறுப்பினரை நியமிப்பது மரபே தவிர, அரசமைப்பு விதித்த கட்டாயம் அன்று. 2024 ஜூன் மாதம் அம்மரபு சோதனைக்கு உள்ளானது. கேரளத்தின் கொடிக்குன்னில் சுரேஷ் 1989 முதல் எட்டு முறை வென்றவர். ஆனால் 1998, 2004 தேர்தல்களில் அவை அவருக்கு வாய்க்கவில்லை. ஒடிசாவின் பர்த்ருஹரி மஹ்தாப் 1998 முதல் தொடர்ந்து ஏழு முறை வென்றவர். எண்ணிக்கையால் சுரேஷ் மூத்தவர். தொடர்ச்சியால் மஹ்தாப் மூத்தவர். அரசு மஹ்தாபைத் தேர்ந்தது. அவருக்குத் துணைநிற்க நியமிக்கப்பட்டோருள் சுரேஷும் தமிழகத்தின் டி.ஆர். பாலுவும் அப்பணியை ஏற்க மறுத்தனர்.

இதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 2018 மே மாதம், கர்நாடகச் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்கவிருந்த நாளில் இதே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எட்டு முறை வென்ற ஆர்.வி. தேஷ்பாண்டே இருக்க, அவரினும் இளைய கே.ஜி. போப்பையாவை ஆளுநர் தற்காலிகத் தலைவராக நியமித்திருந்தார். மிக மூத்தவர் நியமிக்கப்படாத முன்நிகழ்வுகளும் உண்டு என நீதிமன்றம் சுட்டிக்காட்டியது, நியமனம் நிலைத்தது, வாக்கெடுப்பு நேரலையில் ஒளிபரப்பானது. ஓர் அரசு நிலைக்குமா கவிழுமா என்னும் வேளையில், நாற்காலியில் அமர்பவர் யார் என்பது சிறிய செய்தி அன்று.

தமிழகச் சட்டமன்ற வரலாறு இவ்விரு அளவுகோல்களின் வேறுபாட்டை இன்னும் தெளிவாக்கும். மு. கருணாநிதி 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை 13 முறை வென்றார். தாம் நின்ற சட்டமன்றத் தேர்தலில் ஒருமுறையும் தோற்றிலர். எனினும் ஈழத்தமிழர் துயரை முன்னிட்டு 1983இல் பதவி விலகினார்; 1991இல் வென்றும் பதவி துறந்தார். இடையறாப் பணியை மட்டுமே எண்ணுவோமாயின் அவருடைய கணக்கு 1996இலிருந்தே தொடங்கும். கொள்கைக்காகத் துறந்த ஆண்டுகளும் மக்கள் மறுத்த ஆண்டுகளும் தொடர்ச்சிக் கணக்கில் ஒரே வெற்றிடமாகவே தோன்றும். அளவுகோல் எதைக் காண மறுக்கிறது என்பதை நாம் இங்கே உணர்கிறோம்.

அமெரிக்க செனட் சபையில் மூப்பைக் கணக்கிடும் முறை மிக நுண்ணியது. ஒரே நாளில் பொறுப்பேற்றவர்களுள் முன்பு செனட்டராக இருந்தவர், கீழவையில் இருந்தவர், மாநில ஆளுநராக இருந்தவர் என வரிசை செல்லும். அனைத்தும் ஒத்திருப்பின் எவருடைய மாநிலத்தில் மக்கள்தொகை மிகுதியோ அவரே மூத்தவர். இக்கணக்கு வேடிக்கையாகத் தோன்றினும், அதன் விளைவு கடுமையானது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குழுத் தலைமை பணிமூப்பின்படியே கிடைத்தது. தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது. ஒரே கட்சியே ஓங்கியிருந்தது. ஆகவே அங்கு வென்றவர்கள் போட்டியின்றி நெடுங்காலம் நீடித்து மூப்படைந்தனர். மூப்பால் குழுத் தலைவர்களாயினர். தலைமையைக் கொண்டு, அம்மக்களுக்கு உரிமை வழங்கும் மசோதாக்களை முடக்கினர். மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட் 1956 முதல் 1978 வரை செனட் நீதித்துறைக் குழுவின் தலைவர். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் அவருடைய குழுவுக்கு அனுப்பப்படாமல் நேரே அவைக்குக் கொண்டுவரப்பட்டே நிறைவேற வேண்டியிருந்தது. 1975இல் கீழவையின் ஜனநாயகக் கட்சியினர் மூத்த குழுத் தலைவர் மூவரை வாக்களித்து நீக்கியபோதுதான், மூப்பு என்பது உரிமை அன்று, நம்பிக்கையே என்னும் கருத்து வேரூன்றத் தொடங்கியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் பொதுத்தேர்தலுக்குப்பின் கூடும் முதல் அமர்வில் நாடாளுமன்ற நாயகர் தேர்வை நடத்துபவர் உறுப்பினர் எவரும் அல்லர். நாடாளுமன்றச் செயலகத்தின் தலைமை அதிகாரியே. ஆதலின் மூத்தவர் யார் என்னும் வழக்குக்கே அங்கு இடமில்லை. எனினும் வரலாற்று ஆசிரியருக்கு அவ்வினா இருக்கிறது. திரு லீ குவான் இயூ 1955 ஏப்ரல் 2ஆம் நாள் தஞ்சோங் பகாரில் வென்று, 2015 மார்ச் 23ஆம் நாள் மறையும்வரை உறுப்பினராக இருந்தார். அறுபது ஆண்டுகள் நிறையப் பத்து நாள்களே குறைவு. ஆனால் அவர் முதலில் நுழைந்தது காலனியாட்சிக் காலச் சட்டமன்றத்தில். சிங்கப்பூர் நாடாளுமன்றம் முதன்முதலில் கூடியதோ 1965 டிசம்பர் 8ஆம் நாள். அவையின் வயதைவிட உறுப்பினரின் மூப்பு பத்தாண்டு மிகுதியாக இருந்தமை நம் வரலாற்றின் சிறப்பு. தொகுதியை வைத்து மூப்பைக் கணக்கிடவும் இயலாது. கிளமெண்டி வட்டாரமே முதலில் தனித்தொகுதியாக இருந்து, பின்னர் மேற்குக் கரை, ஜூரோங் எனக் குழுத்தொகுதிகள் மாறியது. எல்லைகள் மாறும், உறுப்பினரின் பணிக்கணக்கு அவையோடு செல்லும்.

நம் நாட்டில் மூப்பு, பதவிப் பெயராகவும் ஆயிற்று. 1985இல் முதல் 'மூத்த அமைச்சர்' ஆனவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த திரு எஸ். ராஜரத்னம். முதல் தலைமுறைத் தலைவர்கள் இளையோருக்கு வழிவிட்ட காலம் அது. அம்மாற்றம் அனைவருக்கும் உவப்பாக அமையவில்லை. 1959 முதல் அவையில் இருந்த டாக்டர் டோ சின் சாய், 1981இல் அமைச்சரவையை விட்டு நீங்கியபின் 1988 வரை பின்வரிசையில் அமர்ந்து அரசின் கொள்கைகள் சிலவற்றை வெளிப்படையாகக் குறைகூறினார். பதவி நீங்கிய பின்னும் மூத்தவரின் குரலுக்கு அவையில் பயனுண்டு என்பதற்கு அது சான்று.

இடையறுந்த பணிக்கும் நம்மிடம் சான்று உண்டு. யாழ்ப்பாணத் தமிழ் மரபினரான திரு ஜே.பி. ஜெயரத்னம் 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, விடுதலைக்குப்பின் நாடாளுமன்றம் புகுந்த முதல் எதிர்க்கட்சி உறுப்பினரானார். 1986இல் இடத்தை இழந்தார். 1997இல் தொகுதியில்லா உறுப்பினராக மீண்டு 2001 வரை இருந்தார். தொடர்ச்சி ஒன்றையே மதிக்கும் அளவுகோலில் அவர் 1997இன் புதியவர். அவையில் இருந்தோர் எவரேனும் அவரை அவ்வாறு கருதியிருப்பரா?

தமிழர் இவ்வினாவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டனர். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையின் விதிகளைத் தருகின்றன. வாரியத்தில் பங்கேற்க 35 வயது நிரம்பியிருக்க வேண்டும்; 70ஐத் தாண்டியிருத்தல் கூடாது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் தகுதி பெறார். அதே வேளையில், ஆண்டு வாரியத்துக்குரிய பன்னிருவரைத் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பு செய்தோரிலிருந்தும், கல்வியில் முதிர்ந்தோரிலிருந்தும், வயதில் முதிர்ந்தோரிலிருந்தும் தெரிந்தனர். தொடர்ச்சியைத் தடுத்தனர், பட்டறிவைப் போற்றினர். அது நிலமுடைய அந்தணருக்கு மட்டுமே உரிய சபை என்பதையும், பெண்களுக்கும் உழைப்போருக்கும் அங்கு இடமில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இடைவெளியைக் குறையாகக் கருதாமல் விதியாகவே வகுத்த அச்சிந்தனை இன்றும் எண்ணத்தக்கது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? தொடர்ச்சியைப் போற்றும் அளவுகோல் பாதுகாப்பான தொகுதியைப் போற்றுகிறது. மொத்தப் பணியைப் போற்றும் அளவுகோல் வீழ்ந்து எழுந்தவரையும் மதிக்கிறது. பதவியைப் போற்றும் அளவுகோல் பதவி தந்தவரின் முடிவைப் போற்றுகிறது. எந்த அளவுகோலும் நடுநிலையானது அன்று. ஆகவே வகுப்பறையில் 'மூத்தவர் யார்?' என்று மாணவர் வினவும்போது ஒரு பெயரை மட்டும் விடையாகத் தாராமல், 'எதனால் அளக்கிறாய்?' என்று திருப்பிக் கேட்பதே ஆசிரியர் கடனாகும். அவ்வினாவை அறிந்த மாணவர், நாளை வாக்காளராக நிற்கும்போது ஆண்டுகளின் எண்ணிக்கையோடு, அவ்வாண்டுகளில் ஆற்றிய பணியையும் சேர்த்து எண்ணுவர்.