சுவரில் மாட்டிய கடைசிப் பிரதி

போன வாரம் வெள்ளையடிக்கறதுக்காக கூடத்துச் சுவர்ல இருந்த போட்டோ எல்லாத்தையும் இறக்கினேன். தாத்தாவும் ஆயாவும் ஒரு குழந்தையோட உட்கார்ந்திருக்கற 1950-கள் காலத்துக் கருப்பு வெள்ளைப் படம் இன்னும் பளிச்சுன்னு இருக்கு. ஆயாவோட மூக்குத்தி கூடத் தெரியுது. பக்கத்துலயே 1984-ல எடுத்த அப்பா அம்மா கல்யாணக் கலர்ப் படம் மொத்தமும் செவந்து போச்சு. அம்மா கட்டினது பச்சைப் புடவையாம். சொன்னாத்தான் தெரியுது.

பழசு நிக்குது, புதுசு போயிடுச்சு. காரணம் இருக்கு. கருப்பு வெள்ளைப் படத்துல உருவமா நிக்கறது வெள்ளித் துகள். கலர்ப் படத்துல இருக்கறது சாயம். வெயில் பட்டாலும் சூடு பட்டாலும் சாயம் வெளுக்கும். அந்தக் காலத்துப் பல கலர் பிரிண்ட்டுல நீலம் முதல்ல போய், சிவப்பு மட்டும் மிஞ்சும்.

போட்டோக்கலை நம்ம பக்கம் சீக்கிரமே வந்துடுச்சு. பாரிஸ்ல தாகேர் முறையை உலகத்துக்கு அறிவிச்சது 1839. 1856-லயே சென்னையில போட்டோகிராபிக் சொசைட்டி ஆரம்பிச்சாச்சு. 1858-ல லின்னேயஸ் டிரைப்ங்கற வெள்ளைக்கார அதிகாரி மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படம் பிடிச்சார். ஆனா குடியானவன் வீட்டுச் சுவருக்குப் போட்டோ வர ரொம்ப நாளாச்சு. 'போட்டோ புடிச்சா ஆயுசு குறையும்'னு பயந்தவங்க உண்டு. பல வீட்டுல ஒரு தலைமுறைக்கே ஒரு படம்தான்.

அப்பல்லாம் சுவர்ல இருக்கறது கெட்டாலும் ஸ்டுடியோவுல நெகட்டிவ் இருக்கும், வேற போட்டுக்கலாம். தாத்தா படம் எடுத்த விருத்தாசலம் ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். அந்த இடத்துல இப்ப செல்போன் கடை. தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். புதுச்சேரியில இருக்கற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில, பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கி வச்சிருக்கு. அவங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அழிஞ்சது எவ்வளவோ. ஆக, உங்க ஊர் வீட்டுச் சுவர்ல தொங்கறதுதான் கடைசிப் பிரதி.

2011 டிசம்பர் 30, தானே புயல்ல எங்க மங்கலம்பேட்டை வீட்டு ஓடு பறந்து மழை உள்ள இறங்குச்சு. ஈரம் பட்டா படத்து மேல இருக்கற ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோட ஒட்டிக்கும். சித்தப்பா படம் அப்படித்தான் போச்சு. பிச்சு எடுத்தப்ப முகம் கண்ணாடியில வந்துடுச்சு.

அதனால இந்தத் தடவை எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, நகலை மட்டும் மாட்டினேன். வெயில் விழற சுவரை விட்டுட்டேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அட்டை வச்சேன். அசலை வெள்ளைத் தாள்ல சுத்தி பீரோவுல வச்சாச்சு. பின்னாடி பென்சில்ல பேர் எழுதறப்பதான் கை நின்னுது. ஆயா மடியில இருக்கற குழந்தை யாரு?

அப்பாவுக்குத் தெரியலை. பெரிய அத்தைக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அது உங்கப்பனுக்கு மூத்தவன்டா. மூணு வயசுல அம்மை வந்து போயிட்டான்."

அவன் இருந்ததுக்கு அந்த ஒரு படம்தான் சாட்சி. அத்தைக்கு இப்ப எண்பத்திரண்டு. அடுத்த லீவுக்கு ஊருக்கு வர்றப்போ, உங்க வீட்டுப் படத்தையும் இறக்கி, பெரியவங்ககிட்ட ஒவ்வொரு முகமா காட்டிக் கேட்டு வைங்க.