அரைப்பேரும் முழுப்பேரும்

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர்தான். மலையேறி உழைப்பது ஒருவர், அந்த உழைப்பை எழுதுவது இன்னொருவர்.

பள்ளிக்கூடத்தின் கதையும் அப்படித்தான். 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும். 1970களில்தான் அரசு இந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது.

பலர் சேர்ந்து ஒரே ஆவணத்தில் எழுதும் வசதிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ மேடையில் டக்ளஸ் எங்கெல்பார்ட், சுமார் 30 மைல் தள்ளியிருந்த சக ஊழியரோடு ஒரே எழுத்தை ஒரே நேரத்தில் திரையில் பார்த்து வேலைசெய்து காட்டினார். சாதாரண ஆட்களின் கைக்கு அது வர ஏறக்குறைய 40 வருடம் எடுத்தது. ரைட்லி என்ற இணையச் செயலியை 2006இல் கூகுள் வாங்கியது. அதே வருடம் கூகுள் டொக்ஸ் வந்தது. ஹட்டன் பக்கம் எங்கள் வகுப்புக்கு அது வந்தது, 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு.

தரம் 10 வரலாற்றுப் பாடத்துக்கு 'எங்கள் தோட்டத்தின் கதை' என்று ஒரு கோப்பு திறந்தோம். பாட்டிமாரிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதினார்கள். எந்த வரி எந்தக் கணக்கிலிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று அதிலுள்ள 'பதிப்பு வரலாறு' நிறம் நிறமாகக் காட்டும். அதைப் பார்த்தே புள்ளி போட்டோம். ஒரு பிள்ளையின் பெயரில் ஒரு வரியும் இல்லை. பூச்சியம் போட்டோம்.

பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் போன் இல்லை. பக்கத்துக் காம்பராத் தோழியின் போனில், தோழியின் கணக்கிலேயே, இரவு அந்த வீட்டு அம்மா வேலை முடித்துப் போனைக் கொடுத்த பிறகு எழுதியிருக்கிறாள். லயத்துப் பீலியில் தண்ணீருக்கு வரிசை நின்ற கதை அவளுடையது. முழுக் கோப்பிலும் அதுதான் நல்ல பந்தி.

கலாசாலையில் குழுச் செயற்பாடு பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்த நாங்கள், கடைசியில் செக்ரோல் எழுதியிருக்கிறோம். அரைப்பேர்கூடக் கொடுக்கவில்லை. வகுப்பு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

இப்போது ஒவ்வொரு பந்திக்குக் கீழும் சொன்ன பாட்டியின் பெயர், எழுதிய பிள்ளையின் பெயர், தட்டிய பிள்ளையின் பெயர் மூன்றும் இருக்கும். போன் இல்லாத பிள்ளை கொப்பியில் எழுதும். எல்லோருக்கும் முழுப்பேர்.

இந்த வசதியைப் பாவிக்கும் ஆசிரியர்களே, அது காட்டுவது எந்தக் கணக்கிலிருந்து எழுத்து வந்தது என்பதை மட்டுமே. யார் யோசித்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த தவணையிலும் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.