வெடிக்காத துவக்கு

துப்பாக்கியை யாழ்ப்பாணத்தில் நாங்கள் துவக்கு என்போம். என் சிறுபராயத்தில் சோனகதெருவில் அந்தப் பேச்சே அபூர்வம். வாப்பாவின் கூட்டாளியான தோட்டக்காரர் ஒருவரிடம் மட்டும் வேட்டைத் துவக்கொன்று இருந்தது. 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். வருடாவருடம் கச்சேரிக்குப் போய்ப் புதுப்பித்து வருவார். மாம்பழம் தின்ன வரும் வௌவாலை விரட்ட வைத்திருந்த அந்தச் சாமானை யாரும் வீரத்தோடு சேர்த்துப் பேசியதில்லை.

1975 யூலை 27இல் மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலைக் கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலை ஊருக்குப் புதிதல்ல. கொன்றவர்கள் கொண்டாடப்பட்டதுதான் புதிது. 1981இல் நூலகம் எரிந்தது. 1983 யூலை வந்தது. கோபத்துக்கு நியாயம் இருந்தது. இந்தியா பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. துவக்கு கொடியில் சின்னமாயிற்று. சின்னப் பொடியள் பனைமட்டையில் துவக்குச் செய்து விளையாடினார்கள். அந்நாட்களில் யாரோ வந்து தோட்டக்காரரின் துவக்கையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டு எழுதியவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியா கல்லூரியில் கூடச் சொன்ன புலிகள், இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். வடக்கிலிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். சோனகதெருவைக் காலியாக்கத் துவக்கு வெடிக்கத் தேவையிருக்கவில்லை. தோளில் தொங்கியதே போதுமாயிருந்தது. அயலிலிருந்த தமிழ்ச் சனம் அழுதது. வாய் திறந்து தடுக்க முடியவில்லை. செத்தவர்களை மட்டும் எண்ணுகிற எந்தக் குற்றக் கணக்கிலும் அந்த நாள் ஏறாது.

நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கிழக்கில் ஊர்காவல் படை என்று அரசாங்கம் நம் பிள்ளைகளின் கையிலும் துவக்கைக் கொடுத்தது. பள்ளிவாசலில் நம்மவர் இரத்தம் சிந்திய அதே காலத்தில் தமிழ்க் கிராமங்களிலும் இரத்தம் சிந்தியது. அதை மறைத்துவிட்டு ஒக்டோபரைப் பற்றி மட்டும் பேசுவது நீதியாகாது.

2009 மேயில் யுத்தம் முடிந்தது. இயக்கங்களின் துவக்குகள் போய்விட்டன. ஆனால் அதற்குப் பின்னர் யாழ்ப்பாணச் செய்தியில் வாள்வெட்டு என்ற சொல் வழக்கமாயிற்று. 2016 ஒக்டோபர் 20இல் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழக்கக் காரணமானது பொலிஸாரின் துவக்கு. நம் ஊரார் பலர் குடியேறிய சுவிற்சர்லாந்திலோ படைச்சேவை செய்பவர்கள் துவக்கை வீட்டிலேயே வைத்திருக்கலாம்; அங்கே கொலைகள் குறைவு.

எத்தனை துவக்கு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதை வைத்திருப்பவனைக் கேள்வி கேட்க முடிகிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தோட்டக்காரர் கச்சேரியில் வருடாவருடம் பதில் சொன்னார். அவருக்குப் பின்னர் அந்தத் துவக்கை ஏந்தியவர்கள் எவருக்கும் பதில் சொல்லவில்லை.