இருபது வரியில் பத்து லட்சம்

போன மாதம் என்னுடைய சின்ன ஹாஸ்கெல் புரோகிராம் ஒன்று கம்பைல் ஆகி முடிவதற்குள் டீ போட்டுக் குடித்தே முடித்துவிட்டேன். நூறு வரிகூட இல்லை, அப்படி என்னதான் செய்கிறது? தேடப்போனால் கதை 1978-இல் போய் நின்றது.

அந்த ஆண்டுதான் ராபின் மில்னர், நாம் எழுதாமலே டைப்பைக் கம்பைலரே கண்டுபிடிக்கும் முறையை எம்எல் மொழிக்காக வெளியிட்டார். நடைமுறையில் வேகமாக ஓடியது. அதனால் முறையே வேகமானது என்ற நம்பிக்கையும் பரவியது. 1990-இல் ஹாரி மேர்சன் ஒரு பக்கம், க்ஃபோரி, டியூரின், உர்ஜிச்சின் மூவரும் இன்னொரு பக்கம், அது அப்படியில்லை என்று நிரூபித்தார்கள்.

உதாரணம் எளிது. வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்று. அதை இரண்டு தடவை வைத்து ஒரு ஜோடி. அந்த ஜோடியை இரண்டு தடவை வைத்து இன்னொரு ஜோடி. ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனி டைப் மாறி வேண்டும், பகிர்ந்துகொள்ள முடியாது. 10-வது வரியில் 1,024 மாறிகள். 20-வது வரியில் 10,48,576!

பிறகு ஏன் அவ்வளவு நாள் யாருக்கும் உறைக்கவில்லை? மனுஷங்க அப்படி எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் 2000-இல் மார்க் ஜோன்ஸ் கொண்டுவந்த ஃபங்ஷனல் டிபெண்டன்சி, அதன் பின் வந்த டைப் ஃபேமிலி எல்லாம் டைப்பையே புரோகிராம் ஆக்கிவிட்டன. நானும் பட்டியலின் நீளத்தை டைப்பிலேயே வைத்திருந்தேன். பூஜ்யத்தின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கும் முறை. 1000 என்றால் ஆயிரம் அடுக்கு. அதைப் படிப்படியாகச் சுருக்கும்போது ஜிஎச்சி கம்பைலர் ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்று எழுதிவைக்கிறது. அந்தச் சான்றில் மிச்சமுள்ள டைப் முழுவதும் திரும்ப வந்தால் 1000 + 999 + 998... மொத்தம் 5,00,500. என் டீ இங்கேதான் ஆறியது.

2012-இல் ஜிஎச்சி 7.6-இல் எண்ணையே டைப்பாக எழுத வழி வந்தது. ஆயிரம் அடுக்கு ஒரே எண்ணாகிவிட்டது. பின்வந்த பதிப்புகளில் கூட்டலையும் கம்பைலரே நேரடியாகச் செய்கிறது. மாற்றிப் பார்த்தேன், சட்டென்று முடிந்தது. சும்மா இல்லை: அடுக்கு இருந்தபோது ஒவ்வொன்றாக உரித்து நிரூபிக்க முடிந்தது. வெறும் எண்ணை அப்படி உரிக்க முடியாது. இரண்டு நிரூபணங்களைத் தூக்கிப்போட வேண்டியிருந்தது. அதில் ஒன்று உண்மையிலேயே ஒரு பிழையைப் பிடித்துத் தந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய அடுக்கையே வைத்திருக்கிறேன்.