மரைக்காயர்: பெயர் வந்த கடல்வழி

சில ஆண்டுகளுக்கு முன் எங்களூரில் ஒரு சம்பந்தப் பேச்சு பாதியில் முறிந்தது. மாப்பிள்ளை மார்க்கம் அறிந்தவர். கையில் தொழிலும் உண்டு. பெயரின் ஈற்றில் 'மரைக்காயர்' இல்லை என்பதொன்றே குறை. "நாங்கள் அரபு வமிசம், எங்கள் பெயரே அதற்குச் சான்று" என்று முடித்துவிட்டார் பெண்ணின் பெரிய வாப்பா. அப்பெயர் மெய்யாகவே எதற்குச் சான்று என்று அன்றிலிருந்து தேடலானேன்.

கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' எனும் அரபுச் சொல்லே மரைக்காயர் ஆயிற்று என்பாருளர். றா, காஃப், பா என்னும் மூலத்தில் பிறந்த சொல் அது; ஏறிச் செல்வதற்குரியது என்று பொருள்படும். ஆயின், அதனோடு தொடர்புடைய மனிதரைக் குறிக்க அரபியர் 'மர்கபீ' என்றல்லவா சொல்வர்? ஈற்றில் நின்ற 'பா' எங்கே போயிற்று? மத்ரஸாவில் ஸர்ஃபு ஓதிய எவருக்கும் இவ்வையம் எழாமற் போகாது.

தமிழிலோ 'மரக்கலம்' கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. மரக்கலராயர் என்பதே மருவிற்று என்பர் சிலர். அந்த 'ராயர்' எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. நம்மவர்க்குப் பட்டங்களின்மீது என்றுமே ஆசை அதிகம். எனினும் முற்பகுதி மரக்கலமே என்பது என் துணிபு. சிங்களவர் இலங்கைச் சோனகரை 'மரக்கல' என்று அழைப்பதைக் காண்க. துளு நாட்டில் இந்து மீனவ மக்களுக்கும் 'மரகால' என்ற பெயருண்டு. ஆக, அச்சொல் சுட்டுவது கடல்மேற் செய்த தொழிலையன்றிக் குருதியையன்று.

பெயர் வழங்கும் ஊர்களும் இதையே சொல்லும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை: அத்தனையும் அலை தொடும் ஊர்கள். உள்நாட்டுக்குள் சென்றால் குதிரையோடு தொடர்புடைய இராவுத்தர் என்ற பெயரே மிகுதி. மலையாளக் கரையில் 'மரக்கார்'. சாமூதிரி மன்னரின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரக்கார்கள் நால்வருள் இறுதியானவரைப் போர்த்துக்கேசியர் 1600-இல் கோவாவில் கொன்றனர். இலங்கையில் 'மரிக்கார்', 1877-இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். பினாங்கிலும் கெடாவிலும் அது 'மெரிக்கன்' எனத் திரிந்து பரம்பரைக் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது.

அரபு உறவை நான் மறுக்கவில்லை. மரைக்காயர் ஊர்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவதும், இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகளாயிருப்பதும் தற்செயலன்று. தென் அரேபியத் துறைமுகங்களிலிருந்து வணிகத்தோடு வந்த மத்ஹப் அது. மார்க்கமும் மணவுறவும் கடல் கடந்து வந்தன. பெயரை மட்டும் இம்மண் கொடுத்தது. ஏன், அரபுப் பெயரையே தமிழ் நா விட்டுவைத்ததா? கீழக்கரை வள்ளல் பெரியதம்பி மரைக்காயரின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். அதுதான் 'சீதக்காதி' ஆயிற்று!

தமிழகத்தில் மரைக்காயர் எத்தனை பேர் என்று கேட்பாருக்கு ஒன்று சொல்வேன். 2007-இல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு பெற்ற பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களின் பட்டியலில் லெப்பை, இராவுத்தர், மரைக்காயர் மூவரும் ஒரே வரியில் அடங்குவர், தலைப்பு 'லெப்பைகள்'. பேச்சை முறித்த பெரிய வாப்பாவின் பேரன் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, சான்றிதழைச் சரிபார்க்க என்னிடம்தான் கொண்டுவந்தான். அதில் 'லெப்பை' என்றே எழுதியிருந்தது.